பதினான்காவது கட்டத்தில் எழுதியது

அவளுக்கு இடது கைப் பழக்கம். துணி வெட்டும் தொழிலில் அது சின்ன விஷயம் அல்ல. கடையில் விற்கும் கத்தரிகள் வலது கைக்காரர்களுக்காகச் செய்தவை. இடது கையில் பிடித்தால் துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்துகொள்ளும். அவள் தன் இருபதாவது வயதில் இடது கைக்கென்றே செய்த பத்து அங்குலக் கத்தரி ஒன்றை வெளியூரிலிருந்து வரவழைத்தாள். அவள் வேலை பார்த்த சீருடைப் பட்டறையில் வேறு யாராலும் அதைப் பயன்படுத்த முடியவில்லை.

"இந்தக் கத்தரிக்குப் பூட்டே வேண்டாம்" என்பார் மேஸ்திரி. "திருடிட்டுப் போனவனே மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து குடுத்துடுவான்."

பட்டறையில் அவளுக்கு இடதுகை அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நூல் பிசிறு நறுக்கும் வேலையில் சேர்ந்து, பொத்தான் மேசைக்கு வந்து, நான்கே ஆண்டில் வெட்டு மேசைக்குப் போனவள். எட்டு மடிப்புத் துணியை அடுக்கி, சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரே ஓட்டமாக வெட்டுவாள். மேல் துணிக்கும் அடித்துணிக்கும் ஒரு நூல் அளவுகூட வித்தியாசம் இருக்காது.

இவற்றையெல்லாம் அவள் பின்னாளில் சொல்லித் தெரிந்துகொண்டேன். சிலவற்றை மேஸ்திரியிடம் கேட்டுச் சரிபார்த்தேன். நான் அவளை முதலில் பார்த்தது ஜூலை மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தேன். வந்தவர்கள் சொல்வதைப் படிவத்தில் எழுதுவதும், கோப்பைக் காப்பதும், கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பெண். இடப்பக்க மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. உள்ளே மேலண்ணமும் பிளந்திருந்தது. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குழந்தையின் முகத்தைத் துண்டின் ஓரத்தால் மறைத்திருந்தாள். பக்கத்தில் மாமியார். பின்னால் கணவர், பேருந்து ஓட்டுநர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள். பதினான்காவது, 'கர்ப்ப காலத்தில் குறிப்பிடத்தக்க நிகழ்வு'.

"காய்ச்சல், கீழே விழுந்தது, ஏதாவது மாத்திரை சாப்பிட்டது, இப்படி உண்டா?" என்று கேட்டேன்.

"காய்ச்சலும் இல்ல, கழுத்துவலியும் இல்ல" என்றார் மாமியார். "கிரகணத்தன்னைக்குக் கத்தரியைப் பிடிச்சா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார். கதவைச் சாத்திக்கோ, அசையாம படு, கத்தி கத்தரி பக்கம் போகாதேன்னு. கேட்டாளா? போனா, வெட்டினா. துணியோட போச்சா? பிள்ளை உதட்டுல வந்து நிக்குது."

அவள் நிமிரவில்லை. கிரகணம் என்றைக்கு என்று கேட்டேன். ஏப்ரல் இருபத்திரண்டு என்றார் கணவர். நான் எழுதினேன்: 'கிரகணத்தன்று (ஏப்ரல் 22) கத்தரியால் துணி வெட்டியது.'

சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. சொன்னவர் யார் என்று குறிக்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை. ஆகவே குறிக்கவில்லை. முத்திரை வைத்து, நகலை அவர்களிடம் கொடுத்தேன். கணவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கிரகணத்தன்று நடந்தது இவ்வளவுதான். பள்ளி திறக்க ஆறு வாரம் இருந்தது. பட்டறையில் இன்னொரு வெட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மேஸ்திரி ஆள் அனுப்பினார். அவள் ஏழு மாத வயிற்றோடு போய், காலை ஒன்பதே முக்காலிலிருந்து ஒன்றேகால் வரை ஆறு அடுக்கு, நாற்பத்தெட்டு சட்டைகள் வெட்டினாள். நடுவில் சன்னல் வெளிச்சம் மங்கியது. தையல்காரர்கள் எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். அவள் விளக்கைப் போட்டுக்கொண்டு வெட்டினாள். நாற்பத்தெட்டில் ஒன்றுகூட அளவு பிசகவில்லை.

அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்ச முடியாது. கொடுத்த பால் மூக்கு வழியாக வெளியே வரும். செவிலி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்: குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்தாற்போல் பிடித்து, சின்னக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு வேளைப் பால் உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆகும். உதட்டு அறுவைக்குக் குழந்தை ஐந்து கிலோ வர வேண்டும் என்று, அறுவை செய்யவிருந்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். பிறந்தபோது இரண்டு கிலோ அறுநூறு. அவள் பட்டறையில் சட்டை அளவு வரைந்த பழைய தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எந்த நேரம், எத்தனை கரண்டி, மூக்கில் எவ்வளவு வந்தது என்று எழுதி வந்தாள். ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தத் தாளைக் கொண்டுவருவாள். அத்தனை ஒழுங்கான பதிவை எங்கள் வார்டில்கூட நான் பார்த்ததில்லை. குழந்தையை மொட்டு என்று கூப்பிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

நவம்பர் பதினொன்றில் உதட்டு அறுவை நடந்தது. நன்றாக அமைந்தது. தையல் பிரித்த அன்று மாமியார் பேத்தியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்து, "முகம் முழுசாயிடுச்சு" என்று அழுதார். டாக்டரம்மா, "பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. உள்ள அண்ணத்தை மூடணும். பேச்சு வர்றதுக்கு முன்னாடி மூடணும். லேட்டானா பேச்சு மூக்கால போகும், அப்புறம் திருத்தறது கஷ்டம்" என்றார். தேதி கொடுத்தார்: அடுத்த ஜூன் ஒன்பது. அன்றைக்கு மொட்டுவுக்குப் பதினோரு மாதமும் எட்டு நாளும் ஆகியிருக்கும்.

ஜூன் ஒன்பதில் அவர்கள் வரவில்லை. விதிப்படி அஞ்சலட்டை போட்டேன். செப்டம்பர் எட்டுக்கு மறுதேதி. அன்றும் வரவில்லை. மறுபடி அஞ்சலட்டை. ஜனவரி பன்னிரண்டிலும் இல்லை. மூன்று தேதி தவறினால் கோப்பு மூடிய அலமாரிக்குப் போகும். அங்கே போன கோப்பைத் தேடி யாரும் வருவதில்லை. மூடும் முன் ஒரு முறை தொலைபேசியில் கேட்கலாம் என்று கணவரை அழைத்தேன். பேருந்து நிலையத்துச் சத்தத்தில் அவர் பேசியது பாதிதான் கேட்டது.

"அம்மா வேண்டாங்கறாங்க சார். வெட்டினதால வந்தது, ஒரு தடவை வெட்டிச் சரி பண்ணியாச்சு, ரெண்டாவது தடவை வெட்டினா அடுத்த பிள்ளைக்குப் போகும்னு. உள்ள இருக்கறதை யார் பாக்கப் போறான்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சார் சொல்றது? ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்திருக்கே. சீல் வெச்சு. வீட்டுப் பத்திரத்தோட பத்திரமா வெச்சிருக்கேன்."

"என்ன எழுதிக் குடுத்தது?"

"கத்தரிதான் காரணம்னு. உங்க கையெழுத்துதானே."

ரிசீவரை வைத்துவிட்டுக் கோப்பைப் பிரித்துப் பதினான்காவது கட்டத்தைப் படித்தேன். அந்த வரியில் காரணம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் கீழே முத்திரை இருந்தது. ஒன்றரை ஆண்டுகளாக அந்த வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் அந்தத் தாள் வெளியே வந்திருக்கிறது. அவள் பிரசவமான ஐந்தாம் மாதமே பட்டறைக்குத் திரும்பிவிட்டாள், ஆனால் வெட்டு மேசைக்குப் போகாமல் பொத்தான் மேசையில் உட்கார்ந்துகொண்டாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கத்தரியை ஒரு துணியில் சுற்றி மேஸ்திரியின் இழுப்பறையில் போட்டுவிட்டாளாம். மேஸ்திரி கெஞ்சிப் பார்த்திருக்கிறார். "புது ஆள் வெட்டற காலரெல்லாம் ஒரு முனை கிழக்கே பாக்குது, இன்னொரு முனை மேற்கே பாக்குது. ஸ்கூல் பிள்ளைங்க திசை தெரியாம நிக்கப் போகுது" என்று சொல்லியும் அவள் அசையவில்லை.

குழந்தையின் கோப்பை மூடுவதற்குத் தாயின் கோப்பு எண்ணைக் கடைசிப் பக்கத்தில் குறிக்க வேண்டும். தாய்க்கு ஒரு எண், குழந்தைக்கு ஒரு எண். தாய்மார் கோப்புகள் பிரசவப் பகுதியின் கீழ்த்தளத்தில் வேறொரு எழுத்தரிடம் இருந்தன. ஒரே தொப்புள்கொடியில் இருந்த இருவரின் தாள்கள் எங்கள் மருத்துவமனையில் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. வேறொருவர் என்றால் தொலைபேசியில் எண்ணைக் கேட்டு எழுதியிருப்பார். நான் எதையும் கண்ணால் பார்க்காமல் எழுதுவதில்லை. கீழே போய்க் கோப்பை வாங்கிப் பிரித்தேன்.

ஏழாவது தாள் ஸ்கேன் அறிக்கை. மார்ச் நான்கு. கடைசி இரண்டு வரி: 'மேலுதட்டின் இடப்பக்கம் தொடர்ச்சியாக இல்லை. பிளவு இருக்கக்கூடும். இரண்டு வாரத்தில் மறுபடியும் பார்க்கவும்.' அவள் ஸ்கேன் முடிந்து வேலைக்குப் போன பிறகு அறிக்கை வந்திருக்கிறது. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. துளை போட்டு, வரிசைப்படி கோத்து, மூடி வைத்துவிட்டார்கள். கோப்பு மிகச் சரியான வரிசையில் இருந்தது.

மார்ச் நான்கிலிருந்து ஏப்ரல் இருபத்திரண்டு வரை எண்ணினேன். நாற்பத்தொன்பது நாள். கிரகணத்துக்கு ஏழு வாரம் முன்னதாகவே அந்த உதடு அப்படித்தான் இருந்திருக்கிறது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். கணவர் வீட்டில் வைத்திருக்கும் படிவ நகலைப் பற்றியும் சொன்னேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "எல்லாரையும் வரச் சொல்லுங்க. அந்தக் காப்பியையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

பிப்ரவரி இரண்டாம் தேதி வந்தார்கள். மொட்டு அப்போது நடந்தாள். மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். எல்லாச் சொல்லும் மூக்கிலிருந்தே வந்தது. டாக்டரம்மா இரண்டு தாளையும் அருகருகே வைத்து, கணவரைத் தேதிகளை வாசிக்கச் சொன்னார். அவர் விரல் வைத்து வாசித்தார். மார்ச் நாலு. ஏப்ரல் இருபத்திரண்டு. மறுபடியும் முதல் தாளுக்குப் போய் வாசித்தார்.

"கத்தரியைப் பிடிக்கறதுக்கு ஏழு வாரம் முன்னாடி எடுத்த படம் இது" என்றார் டாக்டரம்மா. "உதடு ரெண்டாம் மாசத்துலயே சேர்ந்திருக்கணும். அப்பவே சேரல. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதை நாங்க அப்பவே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு."

மாமியார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பிறகு, "அப்போ ரெண்டாம் மாசம் என்ன பண்ணினா?" என்றார்.

இதுவரை அம்மாவுக்கு எதிராக ஒரு சொல் சொல்லாத கணவர் பேசினார். "ரெண்டாம் மாசம் நீ கால் ஒடிஞ்சு படுத்திருந்தேம்மா. உன்னைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா."

"அப்போ என்னாலதான் வந்துச்சுங்கறியா?"

"யாராலயும் வரலங்கறேன்."

அவள் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். நிம்மதி அடைவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

"அப்போ எதனால டாக்டரம்மா?"

"தெரியல. பல விஷயம் சேர்ந்து வரும். சில குடும்பத்துல வழிவழியா வரும். நிறைய பேருக்கு இதுதான் காரணம்னு ஒண்ணு அகப்படறதே இல்ல. ஆனா நீங்க வெட்டினதால வரல."

"கத்தரின்னா கையில பிடிக்கற பொருள்" என்றாள் அவள் மெதுவாக. "அதைத் தொடாம இருந்தா அடுத்ததுக்கு வராதுன்னு இருந்தேன். காரணமே இல்லைன்னா, நான் எதைத் தொடாம இருக்கறது?"

டாக்டரம்மா மொட்டுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. இவ வாய்க்குள்ள இருக்கறதை மூடறதுக்கு வழி இருக்கு. ஏற்கெனவே எட்டு மாசம் லேட்" என்றார்.

"தேதி குடுங்க" என்றாள். மாமியாரையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை.

"என்னமோ பண்ணுங்க. எனக்கு மனசு ஒப்பல" என்றார் மாமியார்.

வெளியே நடைவழியில் அவள் என்னிடம் வந்தாள். மொட்டு அவள் இடுப்பில் இருந்தாள்.

"அன்னைக்கு நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன் சார். ஏன் என்னைக் கேக்கல?"

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றி, "கேட்டிருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதிவேட்டில் எழுதியதை அழிக்க முடியாது. அடிக்கவும் கூடாது, ஏனென்றால் அது சொல்லப்பட்டது உண்மை. அன்று மாலை பதினான்காவது கட்டத்தின் ஓரத்தில், 'கூறியவர்: தந்தையின் தாய். தாயிடம் கேட்கப்படவில்லை' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து வைத்தேன். கீழே ஸ்கேன் அறிக்கையின் எண்ணையும் தேதியையும் குறித்து டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன்.

மார்ச் ஒன்பதாம் தேதி அண்ணத்து அறுவை. குழந்தைக்கு இருபது மாதமும் எட்டு நாளும். சேர்க்கைக்குப் புதுப் படிவம் எழுத வேண்டும். பதினான்காவது கட்டம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"எழுதுங்க" என்றாள். "ஏழாம் மாசம், கிரகணத்தன்னைக்கு, நாப்பத்தெட்டு சட்டை வெட்டினேன். எல்லாம் சரியான அளவு."

"இது வேணுமாம்மா?"

"நடந்ததுதானே. யார் சொன்னதுன்னும் போடுங்க."

போட்டேன். 'கூறியவர்: தாய்.'

அறுவை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. மனசு ஒப்பாத மாமியாரும் வந்திருந்தார். மற்ற இருவரும் அறுவை அறை வாசலில் நிற்க, அவர் மட்டும் என் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் சார். இதே மாதிரி. அந்தக் காலத்துல யாருக்குக் கரண்டி கிரண்டி எல்லாம் தெரியும்? பால் இறங்காம பதினோராம் நாள் போயிட்டான். எங்கம்மா கிரகணத்தன்னைக்குக் காய் நறுக்கினாங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் அம்மா சாகறவரைக்கும் கத்தியைத் தொடல. ஏழு வயசுலேர்ந்து எங்க வீட்டுல நான்தான் எல்லாம் நறுக்கினேன்." இடது கைக் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். அதில் குறுக்கே மூன்று பழைய தழும்புகள் இருந்தன. "இவகிட்ட அதனாலதான் அப்படி அடிச்சுக்கிட்டேன். இவ அசட்டையா போனா, எனக்கு எங்கம்மா முகம்தான் ஞாபகம் வந்தது."

படிவத்தில் பதினாறாவது கட்டம் குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்ததா என்பது. இரண்டு படிவத்திலும் 'இல்லை' என்று இருந்தது. இதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவர் கட்டைவிரலை மடக்கிக்கொண்டார். "எழுதினா எங்க பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு ஆயிடும்."

"வந்திருக்கலாம்னுதான் ஆகும். யார் தப்பும் ஆகாது."

"இத்தனை நாள் அவ தப்புன்னு ஆச்சே. அதுவும் இந்த மாதிரித் தாள்லதானே ஆச்சு?"

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"எழுதுங்க. அவகிட்டயும் படிச்சுக் காட்டுங்க."

பத்தே முக்காலுக்கு அறுவை முடிந்தது. நான் அந்தக் கட்டத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டு, பெஞ்சுக்குப் போய், மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிற்பகலில் மொட்டு கண் விழித்தபோது, "பாலை நான் குடுக்கறேன். நீ போய் ஏதாவது சாப்பிடு" என்று மாமியார் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"அத்தை, நிமிர்த்திப் பிடிக்கணும்."

"தெரியும்டி. ஒண்ணேமுக்கால் வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவள் அந்த ஆண்டு ஜூனில் மேஸ்திரியிடம் கத்தரியைக் கேட்டு வாங்கினாள். இரண்டு அலகும் சேரும் இடத்தில் துரு ஏறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் வெறுமனே திறந்து மூடினாளாம். முதலில் தாளை வெட்டினாள். பிறகு இரண்டு மடிப்புத் துணி. எட்டு மடிப்புக்கு வர மூன்று மாதம் ஆயிற்று என்றார் மேஸ்திரி. இரண்டு ஆண்டு கழித்து ஒரு பையன் பிறந்தான். உதடு சேர்ந்திருந்தது. கர்ப்பத்தின் ஒன்பது மாதமும் அவள் பயந்துகொண்டேதான் இருந்தாள், வெட்டிக்கொண்டும் இருந்தாள்.

மொட்டுவின் அண்ணம் நன்றாக மூடியது. பேச்சு அவ்வளவு எளிதாகச் சரியாகவில்லை. 'ப', 'க', 'ச' மூன்றிலும் காற்று மூக்குக்குப் போனது. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு வந்தாள். மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். கண்ணாடி மங்கினால் காற்று மேலே போகிறது என்று அர்த்தம். வீட்டில் மாமியார் கண்ணாடியைப் பிடிப்பாராம். குறித்த தேதியில் அறுவை நடந்திருந்தால் இந்தப் பயிற்சி தேவைப்பட்டிருக்குமா என்று டாக்டரம்மாவை ஒருமுறை கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாது. இவ்வளவு இருந்திருக்காதுன்னு நினைக்கறேன்" என்றார். ஜூன் ஒன்பதிலிருந்து மார்ச் ஒன்பது வரை, ஒன்பது மாதம். இதை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஐந்து வயது முடிந்ததும் கோப்பு குழந்தைகள் பிரிவிலிருந்து பேச்சுப் பிரிவுக்கு மாறும். புதுப் படிவம். நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. குழந்தை பிறந்தபோது உட்கார்ந்த அதே நாற்காலியில் தாய் உட்கார்ந்தாள். மொட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உயரம் மேசை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே. மேலுதட்டில் மெல்லிய வெள்ளைக் கோடு.

முதல் கட்டம் பெயர். நான் குழந்தையிடம் கேட்டேன்.

அவள் தன் முழுப் பெயரையும் சொன்னாள். நடுவில் ஒரு எழுத்து மூக்கில் கரைந்துபோனது. தாய் வாய் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். கோப்பைப் பார்த்தால் எனக்கே தெரியும். பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றேன்.

மொட்டு மூச்சு இழுத்து, ஒவ்வொரு எழுத்தாக, மறுபடியும் சொன்னாள். எழுதினேன்.